என் பங்கு மாத்திரை

அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும், மேடம். டாக்டருக்கு அது தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

ஞாபகம் குறையக் குறைய அம்மாவுக்குச் சந்தேகம் வளர்ந்தது. நான் கொடுப்பது விஷம் என்பாள். "நீ முதல்ல போடு, பாக்கறேன்" என்பாள். அதனால் இரண்டு கைகளையும் நீட்டினேன். ஒன்றில் அவளுடைய மாத்திரை. மற்றதில் என் பங்கு என்று ஒரு வெள்ளைப் புதினா மிட்டாய். கள்ளி, என் பங்கைத்தான் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாள் மாத்திரையை என் பங்கு என்றேன், மிட்டாயை அவள் பங்கு என்றேன். அன்றும் என் பங்கைத்தான் பிடுங்கினாள். என்னை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் தண்ணீரும் குடித்தாள். அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது. நான் மிட்டாயைச் சப்பிக்கொண்டு சிரிப்பேன், அவளும் சிரிப்பாள்.

ஆக, நான் எப்போதும் கொடுத்ததில்லை. அவளாகத்தான் எடுத்துக்கொள்வாள். இதை என் வாக்குமூலத்தில் நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைப்பது என் வேலை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் தைத்ததையெல்லாம் அம்மா பிரித்துப் போட்டிருப்பாள். கதவு திறந்திருந்தால் தெருவில் நிற்பாள். ஒருமுறை கத்தரிக்கோலால் என் தோளில் குத்தினாள். பிறகு அந்த ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தபடி, "யாரும்மா உன்னைக் குத்துனது?" என்று அழுதாள். நான் யார்மேல் கோபப்படுவது, சொல்லுங்கள். அண்ணனிடம் போனில் சொன்னேன். "உன்னை மாதிரி யாரு பாத்துக்குவா?" என்றான். புகழ்ந்தே என் தலையில் கட்டிவிட்டான்.

இரவுக்கு மட்டும் என்று டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். அவள் தூங்கினாள், நான் தைத்தேன். பிறகு பகலிலும் என் பங்கு என்று நீட்டினேன். எடுத்துக்கொண்டாள். எழுந்து நடந்தால் கால் தள்ளாடியது. சோற்றை விழுங்க மறந்து வாயிலேயே வைத்திருந்தாள். ஆனால் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பழகிவிட்டது, மேடம். ருசி கண்ட பூனை மாதிரி.

ஒரு மாதமாவது அம்மாவை அழைத்துப்போய் வைத்துக்கொள்வதாக அண்ணன் சொல்லியிருந்தான். அன்று மதியம் போன் செய்து, இப்போதைக்கு முடியாது என்றான். நான் அழவில்லை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் மிச்சமிருந்த தூக்க மாத்திரை எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் உதிர்த்தேன். மறு கையில் மிட்டாய். எடுத்தால் எடுக்கட்டும், விட்டால் விடட்டும் என்று அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அம்மா இரண்டு கைகளையும் பார்த்தாள். மிட்டாயை எடுத்தாள். அதை என் வாயில் வைத்தாள்.

"உனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்து கசப்பே ஆகாதே. அதை நான் போட்டுக்கறேன்" என்றாள். "கை நடுங்குதும்மா. நீயே ஊட்டிவிடு."

அவளாக எடுத்துக்கொண்டாள் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். வாயைத் திறந்து காத்திருந்தாள். என் வாயில் மிட்டாய் கரைவதற்குள் ஊட்டி முடித்துவிட்டேன்.