இடது காதுக்கு மேல் ஒரு கோடு

சிட்லபாக்கத்தில் குடியிருப்பவனுக்கு ஸ்கூட்டர் இல்லாமல் சரிப்படாது, சார். எனக்கு ஓட்டத் தெரியாது. தினமும் சம்பத்தின் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்கரணைத் தொழிற்சாலைக்குப் போவேன். அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்கு வேறு யாரும் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே ஹெல்மெட் செய்தோம். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் பாய்ச்சினால் ஹெல்மெட்டின் வெளி ஓடு கிடைக்கும். உற்பத்தியைச் சம்பத் பார்த்துக்கொண்டான். நான் கணக்கு ஆள். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் எப்படி ஓடும், எங்கே ஆறும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றைக் கண் எரிய எரிய உட்கார்ந்து எழுதியிருந்தேன். ஓட்டின் பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சூடும் அழுத்தமும் கணக்குப் போட வேண்டும். தொண்ணூற்றிரண்டில் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

புது அச்சில் பிளாஸ்டிக் இரண்டு வாயில்கள் வழியாக நுழைந்தது. இரண்டு ஓட்டமும் சந்திக்கிற இடம் சரியாக ஒட்டாது. கோடு மாதிரி ஒரு பலவீனம் தங்கிவிடும். அடிபட்டால் அங்கேதான் விரிசல் விடும். இடது காதுக்கு மேலே என்று என் கணக்கு காட்டியது. சம்பத் அந்த ஓடுகளில் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாபா, எங்க கீது கோடு? உன் கம்ப்யூட்டர் ஜோசியம் சொல்லுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி அத்தாவுல்லா மட்டும் சிரிக்கவில்லை. "எதுக்கு பேஜாரு, உயிர் சமாச்சாரம்" என்று அச்சை மாற்றச் சொன்னார். அதுவரை வார்த்த ஓடுகளை அரைத்துவிடவும் சொல்லிவிட்டார்.

"தப்பிச்சடா. இனிமே உன் கணக்கு தப்புன்னு எவனும் சொல்ல முடியாது" என்றான் சம்பத்.

சரி என்றும் யாரும் சொல்ல முடியாது. அது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு அது மட்டும்தான் தோன்றியது.

அரைக்கக் கொண்டுபோனதில் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்து, உள்ளே மெத்தை வைத்து, வார் மாட்டி, சம்பத்தின் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுடைய பழைய ஹெல்மெட் நல்ல கெட்டி. அதை நானே வாங்கி அரவையில் போட்டேன். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

நான் அவனைத் தள்ளவில்லை. அவனை இடித்த லாரி யாருடையது என்றுகூட எனக்குத் தெரியாது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஓரமாக இடித்ததாம், மெதுவாகத்தான் வந்ததாம். ஹெல்மெட் தாங்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார்.

அந்த ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தது அவன் மனைவி ஜெயக்கொடிதான். "நீங்க ஆசையா குடுத்தது, அண்ணா. என்னால பாக்க முடியல."

கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். நான் பின்கட்டுக்குப் போய் அளந்து பார்த்தேன். விரிசல் இடது காதுக்கு மேலேதான் இருந்தது. நான் சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்ததெல்லாம் காரியம் முடிந்த பிறகுதான்.

இப்போது அவன் கனவில் வருகிறான். திட்டுவதில்லை. ஹெல்மெட்டோடு வந்து நின்று இடது பக்கத்தை என்னிடம் காட்டுகிறான். நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், சார். அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். விரிசல் என் கணக்கிலிருந்து ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது.

ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால்தான் காரியத்தன்று எடுத்து வைத்த இரண்டில் மற்றதையும் ஹெல்மெட்டாக்கி அவன் தம்பி சிட்டிபாபுவுக்குக் கொடுத்தேன். அண்ணனுடைய ஸ்கூட்டரை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். பத்திரமாகப் போய் வா என்று சொல்லித்தான் கொடுத்தேன்.