ஆகஸ்டில் போர்த்திய ஜாக்கெட்

மேடையில் வீற்றிருக்கும் பள்ளி முதல்வர் அவர்களே, விளையாட்டுத் துறைத் தலைவர் அவர்களே, காலையில் நினைவு ஆராதனை நடத்திய களைப்போடு இங்கேயும் வந்திருக்கும் போதகர் அவர்களே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் வெண்டெல் ஹெக்கர் அவர்களே, மாவட்டத்தின் பதினொரு பள்ளிகளிலிருந்தும் தத்தம் அணிச் சட்டையோடு வந்து இந்த விளையாட்டுக் கூடத்தை நிறைத்திருக்கும் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் லைல் நோர்பி. ஆஷ்வெல் கல்லூரியில் ட்ரெய்னர் பட்டப்படிப்பின் துறைத்தலைவன். மறைந்த மார்லா ஹெக்கர் அம்மையார் என் மாணவி. என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த மாணவி. அவரைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஏன் நிற்கிறேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

யார் இந்த மார்லா ஹெக்கர்? பன்றிப் பண்ணைக்காரரின் மனைவி. நாற்பத்தேழு வயதில், மகன் வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தவர். ஐம்பத்தொரு வயதில் பட்டம் வாங்கி, தேர்வெழுதிச் சான்றிதழும் வாங்கி, இந்தப் பள்ளியின் முதல் ட்ரெய்னராகச் சேர்ந்தவர். அதுவரை துடைப்பமும் வாளியும் கிடந்த அறையைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள். அதன் கதவில் ‘மார்லா ஹெக்கர், சான்றிதழ் பெற்ற ட்ரெய்னர்’ என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார். பதினெட்டு ஆண்டுகள்! எத்தனை கணுக்கால்கள், எத்தனை தோள்பட்டைகள், எத்தனை உடைந்த மூக்குகள்!

ட்ரெய்னர் என்றால் தண்டால் எடுக்க வைப்பவர் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் இன்றும் உண்டு. அப்படிக் கேட்டவர்களுக்கு மார்லா ஒரே பதில்தான் வைத்திருந்தார். “ஓட வைக்கிறது கோச். விழுந்தா ஓடி வர்றது நான்.”

கணுக்காலுக்கு டேப் சுற்றும் முதல் தேர்வில் அவர் தோற்றுப்போனார். சுருக்கம் சுருக்கமாகச் சுற்றியிருந்தார். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு மேசையில் கணவர் வெண்டெலின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பயிற்சி. இரண்டு மாதம் இந்த மனிதர் இரண்டு கணுக்காலிலும் டேப்போடு பன்றிகளுக்குத் தீவனம் போட்டார். தீவனக் கடையில் ஒருவர் என்ன அடி என்று விசாரிக்க, “காலெல்லாம் நல்லாத்தான்யா இருக்கு, வீட்டுக்காரிக்குப் பரீட்சை” என்றாராம்.

வெயிலில் விழுந்தவரின் உடல் வெப்பத்தை ஆசனவாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். வாயில் வைத்தால், அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும். இதை வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நெளிந்தார்கள். மார்லா திரும்பிப் பார்த்தார். “நான் நானூறு பன்னிக்குப் பாத்திருக்கேன். ஒண்ணுகூட வெக்கப்படல. நீங்க ஏன் படுறீங்க?” அதன்பின் எந்த வகுப்பிலும் யாரும் நெளியவில்லை.

மாவட்ட ஃபுட்பால் இறுதியாட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தலையில் அடிபட்ட நம் முக்கிய வீரன் மறுபடி இறங்கியே தீருவேன் என்று அடம்பிடித்தான். மார்லா வாதாடவில்லை. அவனுடைய ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஆளோடு ஆள் மோதி ஆடும் ஃபுட்பாலில் ஹெல்மெட் இல்லாமல் எவனும் களத்தில் இறங்க முடியாதே! பையனின் அப்பா இருக்கையிலிருந்து இறங்கி வந்து கத்தினார். “எழுப்பிப் பாருங்க” என்றார் மார்லா. எழுப்ப முடியவில்லை. ஆட்டம் தோற்றோம். அந்தப் பையன் இன்று இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்; அதோ, நான்காம் வரிசையில் இருக்கிறான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்குப் பிடிக்கும். இனி நான் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மார்லா ஏன் நாற்பத்தேழு வயதில் படிக்க வந்தார்?

அவருக்கு ஒரே மகன். ப்ரென்ட். எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணியில் ஆடியவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு ஆகஸ்டில், காலைப் பயிற்சியின் கடைசிச் சுற்றில் தள்ளாடி விழுந்தான். அன்று மாலை மருத்துவமனையில் இறந்தான். பத்தொன்பது வயது. அப்போது அந்தக் களத்தில் இருந்த ட்ரெய்னர் நான்தான்.

அவனை நிழலுக்குத் தூக்கிவந்து படுக்க வைத்தேன். பேசினான். தன் பெயரைச் சொன்னான், என் பெயரைச் சொன்னான், என்ன கிழமை என்று கேட்டதற்குச் சரியாகச் சொன்னான். தெளிவாகத்தானே பேசுகிறான், சற்று ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு, “குளிருது” என்றான். கையெல்லாம் புல்லரித்திருந்தது. வெயில் தொண்ணூற்றாறு டிகிரி ஃபாரன்ஹீட். குளிர்சாதன அறையில் போட்டுக்கொள்ள நான் வைத்திருந்த சாம்பல் நிற ஜாக்கெட்டை எடுத்துவந்து அவனைப் போர்த்தினேன்.

வெப்பத்தால் உள்ளே வெந்துகொண்டிருக்கும் உடம்பு சில சமயம் குளிரால் நடுங்கும். அப்படிப்பட்டவன் சிறிது நேரம் தெளிவாகவும் பேசுவான். அதை நம்பக் கூடாது. உடனே ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வந்தாலும் முதலில் குளிர்விக்க வேண்டும், எதைக்கொண்டும் போர்த்தவே கூடாது. அந்தக் காலத்தில் பலருக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தது, படித்துத் தேர்ச்சியும் பெற்றிருந்தேன். அவன் நடுங்கியதைப் பார்த்ததும் படித்தது மறந்துபோயிற்று. கல்லூரி வெளியிட்ட அறிக்கையில் ‘செய்ய வேண்டிய அனைத்தும் செய்யப்பட்டன’ என்று இருந்தது. நான் மறுக்கவில்லை.

மருத்துவமனை ஒரு பையில் அவன் உடைகளைப் பெற்றோரிடம் கொடுத்தது. அதில் அந்த ஜாக்கெட்டும் இருந்தது.

மூன்று ஆண்டு கழித்து மார்லா எங்கள் படிப்பில் சேர விண்ணப்பித்தார். ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். ‘பையில் என் மகனுடையது அல்லாத ஒரு ஜாக்கெட் இருந்தது. அவன் கடைசியாக விழுந்து கிடந்தபோது யாரோ அவனைப் போர்த்தியிருக்கிறார்கள். நான் அங்கே இல்லை. அந்த யாரோ ஒருவர் இருந்தார். அவர் செய்யும் வேலையை நான் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.’

நண்பர்களே, இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றே அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டாமா? சேர்க்க வேண்டாம் என்று எழுத ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. சேர்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் பருவத்தில், அக்டோபர் மாதம், வெப்பத் தாக்கு பற்றிய பாடம் வரும் என்பது கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும்.

ஓராண்டுக்கு மேல் அந்த அம்மையார் என் முன்னால் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் பாடம் அந்தப் பக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நாள் வந்ததும் பல்வலி என்று விடுப்புப் போட்டுவிட்டேன். என் சக ஆசிரியை ஒருவர் பாடம் எடுத்தார்.

மறுநாள் காலை மார்லா என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அந்த ஜாக்கெட் யாருது லைல்?”

“என்னுதுதான்.”

“குளிருதுன்னு சொன்னானா?”

“ஆமா.”

கதவுப்பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, “நல்ல மனசோடதான் போர்த்தியிருக்கீங்க. அதான் என்னால தாங்க முடியல” என்றார். போய்விட்டார்.

ஒரு வாரம் வரவில்லை. இனி வரமாட்டார் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்: இனி அந்தப் பாடத்துக்கு நான் விடுப்பு எடுக்கக் கூடாது, நடந்ததை நடந்தபடி பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சரி என்றேன். என்னை மன்னித்தாரா? அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனா? ஒவ்வோர் அக்டோபரும் அந்தப் பாடத்தை நடத்தினேன். ஜாக்கெட் கதையைச் சொன்னேன். ஆனால், ‘ஒரு ட்ரெய்னர் இருந்தார்’ என்று சொன்னேன். இருபத்தோரு ஆண்டும் அப்படித்தான் சொன்னேன். பட்டம் வாங்கிய பிறகும் மார்லா அந்த ஒரு நாள் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார். ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. வெளியே வரும்போது, “இந்த வருஷம் பசங்க நல்லாக் கேட்டாங்க” என்பார், அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அவரோ, கற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்! தன் பண்ணையில் மாடு தண்ணீர் குடிக்கிற பெரிய தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து களத்தோரம் இறக்கினார். ஆகஸ்டில் தினமும் காலையில் ஐஸும் தண்ணீரும் நிரப்பினார். குளிர்ந்த நாளிலும் நிரப்பினார். அக்டோபர் பிறக்கும்வரை அவர் அறையில் ஒரு கம்பளியோ போர்வையோ இருக்க விடமாட்டார். எட்டாண்டுக்கு முன் ஓட்டப் பந்தயத்தில் ஒரு பெண் சுருண்டு விழுந்தாள். உடல் வெப்பம் நூற்றெட்டு. குளிருது, விடுங்கள் என்று கதறினாள். அவள் அம்மாவே ஓடிவந்து துண்டால் போர்த்தப் பார்த்தார். மார்லா அந்தத் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிள்ளையைத் தொட்டிக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் அவர் கையைக் கடித்தாள். கடித்த தழும்பை அவர் எல்லோரிடமும் காட்டுவார். அந்தப் பெண் இன்று எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், என்ன படிக்கிறாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மார்லா தன் கணவரிடம் ஜாக்கெட் யாருடையது என்று மட்டும்தான் சொன்னார். அப்படிப் போர்த்தியதே தவறு என்பதைச் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெண்டெலிடமிருந்து என் வீட்டுக்கு, அவரே புகைபோட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை வரும். ‘எங்கள் பையனைப் போர்த்தியவருக்கு’ என்று எழுதியிருக்கும். என் மனைவி அதை வெட்டிப் பரிமாறுவாள். நானும் சாப்பிட்டேன். சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் எந்தக் குழந்தையாவது குளிருது என்று சொன்னால், தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஏன் என்று மனைவிக்கும் சொன்னதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் மார்லா என்னைப் படுக்கையருகே அழைத்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். “வெண்டெல்கிட்ட நான் சொல்லியிருக்கணும். அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான், அதையும் எடுக்க மனசு வரல. நீங்க போய்ச் சொல்லுங்க” என்றார். அவர் உயிரோடு இருந்தவரை எனக்குத் துணிவு வரவில்லை. அடக்கம் முடிந்து, இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் பண்ணைக்குப் போனேன்.

வெண்டெல் தீவனம் அரைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தினார்.

“அவளுக்குத் தெரியுமா?”

“இருபத்தோரு வருஷமாத் தெரியும்.”

கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். “அந்த ஜாக்கெட்டச் சமையக்கட்டு ஆணியில மாட்டினது நான். தினம் அதத் தாண்டித்தான் அவ எனக்குச் சோறு போட்டா. ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். அழுதார். என்னால் அழ முடியவில்லை. அழ எனக்கு என்ன உரிமை?

கொஞ்ச நேரம் கழித்து, சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசுகிறாயா என்று கேட்டார். எனக்குத் தகுதியில்லை என்றேன்.

“தகுதிய எவன் கேட்டான்? திங்கக்கெழம பிராக்டிஸ் ஆரம்பிக்குது. பசங்க எல்லாரும் வருவாங்க. எவனோ ஒரு ட்ரெய்னர்னு சொல்லாத. நீதான்னு சொல்லு.”

சொல்லிவிட்டேன், வெண்டெல். அது நான்தான்.

அன்று கிளம்பி வண்டிக் கதவைத் திறந்தபோது அவர் ஒன்று கேட்டார். மார்லாவே கேட்காத கேள்வி. “நீ போர்த்தினப்ப அவன் ஏதாச்சும் சொன்னானா?”

இதையும் மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். “நன்றி லைல்னு சொன்னான். அப்புறம் பேசல.”

வெண்டெல் தலையை ஆட்டினார். போய் இயந்திரத்தைப் போட்டார்.

பிள்ளைகளே, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினொரு பள்ளிகளின் களத்திலும் தொட்டி நிரம்பியிருக்கும். என் மாணவர்கள் வந்து ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்ப்பார்கள். வருகிற அக்டோபரில் அந்தப் பாடத்தை ப்ரென்டின் பெயரைச் சொல்லி, என் பெயரையும் சொல்லி நடத்துவேன். மார்லா ஹெக்கருக்கு நான் தரும் உறுதி இது. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க முடிந்தபோது தராமல், இப்போது தருகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்களே, வெயிலில் நடுங்குகிறவனை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தினால் கத்துவான், வாய்க்கு வந்தபடி திட்டுவான், விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுவான். விடாதீர்கள். திட்டட்டும்.

பேச வந்தவன் நன்றி சொல்லி முடிப்பதுதான் மேடை வழக்கம். அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், உட்கார்கிறேன்.