விளிம்பில் ஒரு கோடு

தங்கை: இந்த இருட்டு மூலைக்கு டார்ச் போதுமாக்கா?

அக்கா: போதும், நேரா பிடி. கை ஆடுது பார்.

தங்கை: என் கை இல்ல. மெஷின் ஆடுது.

அக்கா: மெஷினை நிறுத்தி அரைமணி ஆச்சுடி.

தங்கை: ஓ... அப்போ கைதான்.

அக்கா: மாடியில உட்கார்ந்து கம்ப்யூட்டர்லயே காத்தாலை இறக்கை செஞ்சா இப்படித்தான். ஒரு நாளாவது கீழ வந்து, இறக்கைக்காக நான் மெஷின்ல ஆட்டிச் சோதிக்கிற இந்த மாதிரித் தகட்டைத் தொட்டிருக்கியா?

தங்கை: தொட்... நான் ஏன் தொடணும்?

அக்கா: சும்மா கேட்டேன். அதுக்கு ஏன் முழிக்கிறே?

தங்கை: நீ ஏன் தகட்டை மறைச்சுக்கிட்டு நிக்கிறே? தள்ளு. எங்க பார்க்கணும்?

அக்கா: விளிம்புல. ஒயிட்னர் பூசியிருக்கேன் பார். உள்ள ஒரு அடுக்கு இன்னொண்ணை விட்டுப் பிரிஞ்சா, அந்த வெள்ளையில தலைமுடி மாதிரி கோடு விழும்.

தங்கை: விழாது. என் கணக்குப்படி மாசம் முழுக்க ஆட்டினாலும் பிரியாது... அக்கா?

அக்கா: ம்.

தங்கை: அது முடிதானே?

அக்கா: முடின்னா ஊதினா பறக்கும்.

தங்கை: ஊதேன்.

அக்கா: ஊதிப் பார்த்துட்டேன். இப்பத்தான்... இப்பத்தான்டி!

தங்கை: போச்சு. இறக்கையில நாலு அடுக்கு குறைக்கலாம்னு முதலாளிகிட்ட அடிச்சுச் சொன்னேன். இன்னைக்குத் தகட்டைப் பார்த்துட்டு, உன் கணக்குப்படியே இறக்கைக்குக் கண்ணாடி நார்த்துணி வெட்டிடலாம்னார். இனிமே பழைய கனமான இறக்கைதான். என் ரெண்டு வருஷ வேலை குப்பைக்கு.

அக்கா: அழாதே. தகடு நனைஞ்சா ரிசல்ட் மாறும்.

தங்கை: அக்கா... மேல ஒரு சொட்டு ஒயிட்னர் தடவிட்டா?

அக்கா: ஏய்! அந்த இறக்கைக்குக் கீழ ஆளுங்க நடப்பாங்க. மூடி வைக்கிற சமாசாரமா இது? இன்னொரு தடவை என்னால முடியாது.

தங்கை: இன்னொரு தடவையா?

அக்கா: டார்ச்சை நேரா பிடின்னேன்ல.

தங்கை: அக்கா!

அக்கா: போன வாரமே கோடு தெரிஞ்சுது. உன் மூஞ்சியை நினைச்சேன். கை தானா போயிடுச்சு. ராத்திரி சோறு இறங்கலடி.

தங்கை: எனக்கும்தான் இறங்கல.

அக்கா: உனக்கு எதுக்கு?

தங்கை: மறுநாள் நீ சாப்பிடப் போன நேரத்துல நான் கீழ வந்தேன். கோடு இருந்துது. நானும்...

அக்கா: அடிப்பாவி! நான் பூசின மேலயா?

தங்கை: எனக்கு எப்படித் தெரியும், நீ பூசினதுன்னு!

முதலாளி: என்ன, அக்காளும் தங்கச்சியும் கதவைச் சாத்திக்கிட்டு ரகசியம்?

அக்கா: வாங்க சார்... தகட்டைப் பத்திதான்.

முதலாளி: தகடுன்னதும் ஞாபகம் வருது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு தகட்டை ஆட்ட விட்டோம். மெஷின் உடைஞ்சுது. தரை வெடிச்சுது. பக்கத்துக் கட்டடம் லேசா சாஞ்சுது. தகடு மட்டும் அப்படியே நின்னு, அடுத்தது யாருன்னு கேட்டுச்சு.

தங்கை: சார், இந்தத் தகடு அப்படி இல்ல. கோடு விழுந்திருக்கு. நாங்க ஆளுக்கு ஒரு தடவை அதை மூடிட்டோம்.

முதலாளி: அப்படியா.

அக்கா: தப்புதான் சார். உங்க கண் முன்னாலயே சுரண்டிக் காட்டிடறேன்.

முதலாளி: சுரண்டணுமா? விளிம்பு பார்க்க நல்லாத்தானே இருக்கு?

தங்கை: சுரண்டுக்கா. என்ன ஆனாலும் பார்த்துடலாம்.

அக்கா: இரு... இது என்ன, செதில் செதிலா வருது? அட, கீழ கோட்டையே காணோம்!

தங்கை: நல்லாப் பாரு.

அக்கா: கழட்டு, ஜன்னல் பக்கம் கொண்டு போவோம். கண்ணாடி நார்தானே, வெளிச்சம் ஊடுருவும். பிரிஞ்ச இடம் இருந்தா உள்ள மேகம் மாதிரி வெளுத்துத் தெரியும்.

தங்கை: நீயே பாரு. நான் கண்ணை மூடிக்கறேன்.

அக்கா: திறடி. துளி மேகம் இல்ல. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் சுத்தம்!

தங்கை: அப்போ அந்தக் கோடு?

அக்கா: முதல்ல நான் பூசினதே கொஞ்சம் கெட்டி. ஆட்டத்துல அது வெடிச்சிருக்கு. மூட மூட இன்னும் தடிச்சு, இன்னும் வெடிச்சிருக்கு.

தங்கை: என் தகடு பிரியல... நாம பூசினதுதான் அடுக்கடுக்கா பிரிஞ்சிருக்கு!

அக்கா: ஜன்னல்ல ஒரு தடவை பிடிச்சுப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பயத்துல மூடத்தான் தோணிச்சு, பார்க்கத் தோணல.

முதலாளி: நல்லதாப் போச்சு. மெல்லிசா ஒரே பூச்சு பூசி, மாசக் கடைசி வரைக்கும் ஆட்டுங்க. அப்பவும் பிரியலன்னா உன் கணக்குதான் இறக்கை. அந்தச் செதிலைக் குப்பையில போட்டுடும்மா.

தங்கை: இருங்க சார். அக்கா, இந்தச் செதிலை லென்ஸ்ல பாரேன். நீ முறையா பூசினது ஒண்ணு, மறைக்கப் பூசினது ஒண்ணு, நான் ஒண்ணு. மூணுதானே?

அக்கா: மூணுதான்.

தங்கை: இதுல நாலு இருக்கு.

அக்கா: இந்த அறைச் சாவி நம்மகிட்டதானே... இல்ல, சார்கிட்டயும் ஒண்ணு இருக்கு.

தங்கை: சார்?

முதலாளி: துணியை உன் கணக்குப்படி போன வாரமே வெட்டச் சொல்லிட்டேன்மா, நான் ஒரு அவசரக்குடுக்கை. கோட்டைப் பார்த்ததும் எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு... ஆனா நியாயமாச் சொல்லுங்க, மூணு பேர்ல நான் பூசினதுதானே வழவழன்னு இருக்கு?