ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு மாத்திரை

மலைமகளிர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, மணி பார்க்காமல் பேசுங்கள் என்று மனம்விட்டு அனுமதியும் தந்து அமர்ந்திருக்கும் ஞானசுந்தரி அம்மையார் அவர்களே, தேயிலைக் கொழுந்தெடுத்துக் காய்த்த கைகளைக் கூப்பி என்னை வரவேற்ற தாய்மார்களே, மப்ளர் சுற்றி முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே, கட்டபெட்டின் கண்மணிகளே, உங்கள் எல்லோருக்கும் அருவங்காட்டில் உயிரியல் பாடம் நடத்தும் சுகுணாவின் அன்பு வணக்கம்.

உடலுக்குள் உத்தரவு போடும் கைனேஸ் என்ற புரதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "டீச்சர், அது ஊசிங்களா, மாத்திரைங்களா?" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா கேட்கிறார். இரண்டும் இல்லை அக்கா. அது உங்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் கேள்வி கேட்ட இந்த நொடியிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கூடி நிற்கிறீர்கள். இன்று எந்தக் காட்டில் கொழுந்தெடுப்பது என்று மேனேஜர் முடிவு செய்கிறார். அவரா வந்து ஒவ்வொருவர் காதிலும் சொல்கிறார்? ஃபீல்டு ஆபீசரிடம் சொல்கிறார், அவர் சூப்பர்வைசரிடம் சொல்கிறார், சூப்பர்வைசர் சொன்னதும் உங்கள் முதுகில் கூடை ஏறுகிறது. உயிரணுவுக்குள்ளும் அப்படித்தான். வளர வேண்டும், பெருக வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு செய்தி வாசலுக்கு வருகிறது. வாசலில் இருக்கும் கைனேஸ், பாஸ்பேட் என்னும் பொடித் துணுக்கை எடுத்து அடுத்த புரதத்தின் மேல் ஒட்டுகிறது. ஒட்டியதும் உறங்கிய புரதம் உருவம் மாறுகிறது, விழித்துக்கொள்கிறது, தானும் ஒரு கைனேஸாகி அடுத்ததை எழுப்புகிறது. அது இன்னொன்றை எழுப்ப, செய்தி உட்கருவைச் சேர, ஓர் உயிரணு இரண்டாகிறது. வேலை முடிந்ததும் அந்தத் துணுக்கைப் பிய்த்தெடுக்க வேறு புரதங்கள் வருகின்றன, உத்தரவு அடங்குகிறது. புண் ஆறுவது எதனால்? பிள்ளை வளர்வது எதனால்? தொடங்கு என்று சொல்லவும், போதும் என்று சொல்லவும் உள்ளே ஆள் இருப்பதனால்.

அந்தப் 'போதும்' என்ற சொல் எடுபடாமல் போனால் என்ன ஆகும்?

என் அண்ணிக்கு அப்படித்தான் ஆனது. என் அண்ணன் வேலனின் மனைவி ராஜகுமாரி, இந்த எஸ்டேட்டில் கொழுந்தெடுப்பவர், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். "சொல்லு சுகுணா, நாலு பேருக்கு ஆகட்டும்" என்று அவர் சொன்னதால்தான் சொல்கிறேன். ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் இரண்டு ஜீன்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டி, அடங்கத் தெரியாத ஒரு கைனேஸ் பிறந்துவிட்டது. செய்தி ஏதும் வராமலே அது உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. வெள்ளணுக்கள் பெருகின, பெருகின, பெருகிக்கொண்டே இருந்தன. ஆம், ரத்தப் புற்றுநோய்.

அழாதீர்கள் அம்மா. இந்த வகைக்கு நல்ல மாத்திரை இருக்கிறது. கைனேஸ் தன் பாஸ்பேட்டை வாங்கும் பள்ளத்தில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்திருக்கும்வரை கைனேஸால் யாரையும் எழுப்ப முடியாது. தினமும் போட வேண்டும். அண்ணி போட்டார், தேறினார், மறுபடியும் கூடை தூக்கினார். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பி வந்தது.

அப்புறம் ஒரு பரிசோதனையில் அந்தப் பொல்லாத கைனேஸ் மறுபடி தலைதூக்கியிருந்தது. "மாத்திரையை விட்டீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "வேலைக்குப் போற நாளெல்லாம் தவறாமப் போடறனுங்க. ஞாயித்துக்கெழம எஸ்டேட் லீவுங்க, அன்னைக்குப் போடறதில்லைங்க. மழைக்கு வேலை நின்னாலும் போடறதில்லைங்க. ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறவளுக்கு எதுக்குங்க மாத்திரை?"

சிரிக்கிறீர்கள். கூடப் போயிருந்த நானும் அங்கே சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படி விட்டு விட்டுப் போட்டா உருவம் மாறின கைனேஸ் வந்துரும்மா. அதுக்கப்புறம் இந்த மாத்திரை அதுல உக்காராது" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து மலையேறித் திரும்பி வரும் பஸ்ஸில் பர்லியார் தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கைனேஸுக்கு ஞாயிறு தெரியுமா? மழை தெரியுமா? லீவு தெரியுமா? தெரியாது. இதைச் சொன்னால் அண்ணியும் புரிந்துகொள்வார். ஆனால் வேலைக்குப் போகாத நாளில் தனக்கு மருந்து எதற்கு என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றியதே, அதை யார் சொல்லித் தந்தது? வேலை நாளில் காய்ச்சல் வந்தால் மருந்துக்கு ஓடுகிறோம், லீவு நாளில் வந்தால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறோம். இல்லை என்று யாராவது கை தூக்குங்கள் பார்ப்போம்.

அண்ணி, இந்த மாத்திரை உங்கள் கூடைக்காக இல்லை. கூடையை இறக்கி வைத்த ராஜகுமாரிக்காக. அடுப்படியில் பாதிப் பாட்டைப் பாடிவிட்டு மீதியை மறந்துபோகும் ராஜகுமாரிக்காக. என் அண்ணன் சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டால் ஊர் கேட்கத் திட்டும் ராஜகுமாரிக்காக. ஒரு கிலோ கொழுந்துகூட எடுக்காத நாளிலும் நீங்கள் எங்களுக்கு வேண்டும் அண்ணி.

வரும் மாதம் மறுபரிசோதனை. அதில் என்ன வருமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தோடு இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மாத்திரை போட்டாயிற்றா?

அண்ணி எழுந்து நிற்கிறார். மாலதி, அந்த மைக்கை அவர் பக்கம் கொடும்மா.

"கம்பளிச் சொட்டர் பையிலதான் வெச்சிருக்கறேன் சுகுணா. சோறு உண்டுட்டுத்தான போடோணும்? நீ பேசி முடிச்சாத்தான பந்தி போடுவாங்க?"

தலைவி அவர்களே, இதற்கு மேல் ஒரு சொல் பேசினாலும் நான் பாவி. செவி கொடுத்தவர்களுக்கும் கண் கலங்கியவர்களுக்கும் நன்றி. முதல் இலையை என் அண்ணிக்குப் போடுங்கள். வணக்கம்.