பத்து வயது கின்வா

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணியளவில், பெய்ரூத்தின் ராஸ் அந்நபா பகுதியிலுள்ள என் வீட்டுச் சமையலறையில் அமர்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன். முனையைக் கிள்ளி, நாரை ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு அது பாதியில் அறுந்துவிடும். அந்த நேரத்தில் என் கைப்பேசி மூன்று முறை ஒலித்தது. மூன்று முறையும் கையைத் துடைத்துக்கொண்ட பிறகே அதை எடுத்தேன்.

அதிகாரி அவர்களே, நான் சொல்வதை உங்கள் எழுத்தர் சுருக்காமல் எழுதட்டும். ஒரு பதிப்பகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள் நான். சுருக்கும்போதுதான் பிழைகள் நுழைகின்றன.

வங்கிகள் நம் பணத்தைப் பூட்டிக்கொண்ட பிறகு, இந்நாட்டு அட்டை எதுவும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் செல்லாமல் போயிற்று. எங்கள் கட்டடத்தில் மென்பொருளை நம்பிப் பிழைத்தவர்கள் மூவர்: மருந்துக்கடை ஷுக்ரி, வரைபடம் போடும் ஹாகோப், நான்காம் மாடியில் கணவர் நிஸாருடனும் மகள் தாலாவுடனும் வாழ்ந்த மொழிபெயர்ப்பாளர் கின்வா. மூவருடைய சந்தாவும் ஒரே மாதத்தில் அறுந்தது. மொன்ட்ரியாலில் இருக்கும் என் தம்பியின் அட்டை மட்டும் செல்லுபடியானது. அவன் எனக்காக ஒரு குடும்பத் தொகுப்பை வாங்கிக் கொடுத்தான். எழுதும் செயலி, சேமிப்பிடம், கைப்பேசிப் பாதுகாப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் பெரியவர்களுக்கு அதில் இரண்டே இடங்கள். அவை எனக்கும் தம்பிக்கும் போயின. மற்ற இடங்கள் பிள்ளைகளுக்கு.

விதிமுறைகளை முழுவதும் படித்தவள் இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். பிள்ளை என்பதற்கு அவர்கள் கேட்ட சான்று பிறந்த தேதி மட்டுமே. அதைத் தட்டச்சுச் செய்பவரின் சொல்லை நம்பி ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே ஷுக்ரிக்கு ஒன்பது வயதும், ஹாகோப்புக்குப் பன்னிரண்டும், கின்வாவுக்குப் பத்தும் ஆயின.

ஹாகோப் மட்டும் சற்றுத் தயங்கினார். இது திருட்டில் சேருமா என்று கேட்டார். ஷுக்ரி அவரைக் கிண்டல் செய்தார். "திருடினது வங்கிக்காரன் ஹாகோப். நாம சின்னப் பசங்கதானே, நமக்கென்ன தெரியும்? மதாம் வதாத், பள்ளிக்கூடம் விட்டதும் சாக்லேட் உண்டா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

கின்வாவுக்குத் தயக்கமே இல்லை. ஜெனரேட்டர் சந்தா ஒருவர் பெயரில் இருக்கும், நான்கு வீட்டில் விளக்கு எரியும். உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும். "இதுவும் இன்னொரு வயர்தானே மதாம்" என்றாள். தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, கேட்டதற்கெல்லாம் சம்மதம் அழுத்தச் சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க ஓடினாள். அவள் எப்போதும் அப்படித்தான். எதையும் முழுவதும் படிக்கமாட்டாள்.

அந்தச் சம்மதங்களின்படி, பிள்ளை எங்கே இருக்கிறது என்பது காப்பாளரின், அதாவது என்னுடைய, திரையில் தெரியும். அதற்கு வரும் செய்திகளும் தெரியும். புதிய எண் எதையும் பிள்ளை அழைக்க வேண்டுமானால், காரணம் எழுதிக் காப்பாளரின் அனுமதி கேட்க வேண்டும். இவற்றை அணைத்து வைத்திருக்கலாம். நான் அணைக்கவில்லை. ஒரு விதியின் சலுகையை எடுத்துக்கொள்பவர் அதன் கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கொள்கை. நிறுவனத்தை ஏமாற்றியதாக என்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளாகவே நடத்தினேன்.

ஷுக்ரியும் ஹாகோப்பும் பழகிக்கொண்டார்கள். புதிய வாடிக்கையாளரை அழைக்கும்போது முழு வாக்கியத்தில் காரணம் எழுதினார்கள். கின்வா வெறும் புள்ளி வைத்து அனுப்புவாள். ஒருமுறை அவளை அழைத்துக் கண்டித்தேன். அவள் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். ஆகஸ்ட் மாதத்தில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. என் படுக்கையறைக்கு நேர் மேலே அவர்களுடைய படுக்கையறை இருந்தது. கேட்டு அறிய வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் தாலாவை அழைத்துக்கொண்டு அவள் வீட்டைவிட்டுப் போனாள். மலைமேல் ஆலே என்ற ஊரில், மூன்றாம் மாடியில் ஓர் அறை. என்னிடம் சொல்லவில்லை. இதனால் எனக்குக் கோபம் என்று நீங்கள் எழுதக் கூடாது, ஏனெனில் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவ்வளவுதான். இத்தனை மாதங்களாக அவளுடைய பிழைப்பே என் தொகுப்பில் இருந்தது.

நான்கு நாட்கள் கழித்து அவளே என்னை அழைத்தாள். தன்னைத் தொகுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றாள்.

"மதாம், எனக்கு முப்பத்திரண்டு வயசு. என்னை விட்டுடுங்க. என் வேலையெல்லாம் அதுக்குள்ள கெடக்கு, அதை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"பதிவுல உனக்குப் பத்து வயசும்மா. பெரியவளானா தானா விட்டுடும்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. விதிமுறையில் அப்படித்தான் இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். காப்பாளர் விரும்பினால் முன்னதாகவே விடுவிக்கலாம் என்றும் அதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நிஸார் வந்தார். பெட்டி நிறைய இனிப்பு கொண்டுவந்தார். வாசலிலேயே காலணியைக் கழற்றினார். இந்தக் கட்டடத்தில் அதைச் செய்கிற ஒரே ஆண் அவர்.

"மதாம், இந்தக் கட்டடத்துக்கே தாய் நீங்கதான். என் பொண்ணு எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. பார்த்துட்டு வந்துடறேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

தன் மகள் இருக்குமிடத்தை ஒரு தந்தை கேட்கிறார். தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னால் அது பொய். நான் பொய் சொல்வதில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். காபி குடித்தார். கோப்பையை அவரே கழுவி வைத்தார்.

இனிச் சனிக்கிழமை. கின்வாவின் முதல் கோரிக்கையில் காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நிராகரித்தேன். இரண்டாவதிலும் வெறுமை. நிராகரித்தேன். மூன்றாவதில் ஒரே ஒரு சொல் இருந்தது: அம்மா. அவள் அதுவரை என்னை அப்படி அழைத்ததில்லை. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காரணம் ஆகாது. நிராகரித்தேன். பிறகு வெங்காயத்தை வதக்கிப் பீன்ஸை அதில் போட்டேன்.

அவசர எண்ணுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அதை அவள் அழைத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். அழைத்தாள். கணவன் மனைவி விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் துறைதான் பதில் சொல்லியிருக்கிறது. அதையும் எழுத்தர் எழுதட்டும்.

அவள் அழைக்க முயன்ற எண் பெண்களுக்கான உதவிச் சங்கத்துடையது என்று நீங்கள் எனக்குத் தெரிவித்தீர்கள். முதல் நாள் வாக்குமூலத்தில், அது யாருடைய எண் என்று எனக்குத் தெரியாது எனக் கூறியிருந்தேன். அது பிழை. திருத்துகிறேன். எனக்குத் தெரியும். அந்தச் சங்கத்துப் பெண் ஒருத்தி ஆலேயிலேயே இருப்பதாகவும், அழைத்தால் பத்து நிமிடத்தில் வண்டியோடு வருவதாகவும் கின்வாவுக்கு எழுதியிருந்ததைப் புதன்கிழமையே படித்திருந்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு நிஸாரின் கார் கிளம்பியதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். மலையேற ஒரு மணி நேரம் ஆகும் என்பதும் தெரியும். கோரிக்கைகள் வந்தபோது மணி நான்கு.

மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து அவள் தவறி விழுந்து இறந்ததாக நிஸார் சொல்கிறார். தவறியதா, தள்ளியதா என்பதைக் கண்டறிவது உங்கள் பொறுப்பு. அதில் நான் தலையிட மாட்டேன்.

இறுதியாக முடிவானவை இவை. நிஸார் காவலில் இருக்கிறார். தாலாவை அவருடைய அக்கா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு நான்காம் மாடி வீட்டுக்கே வந்துவிட்டார். பள்ளி திறந்துவிட்டது. பாடங்களுக்குக் குழந்தையிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்று நேற்று மாலை என்னிடம் வந்து கேட்டார். தொகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. கின்வாவின் பெயரை நீக்கி, அதில் தாலாவைச் சேர்த்தேன். அவளுக்கு ஏழு வயது. இந்த முறை பிறந்த தேதியில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. உள்ளதை உள்ளபடியே எழுதினேன். கேட்ட சம்மதங்களை எல்லாம் அவள் சார்பில் நானே அழுத்தினேன்.