பல்பு அணைந்த சாயங்காலம்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில், வாரத்தில் இரண்டு சாயங்காலம் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் ஒரு காலை, பசாருக்கு, சந்தைக்கு, போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்:

"நேத்து என் பொஞ்சாதியை இருட்டுல விட்டுட்டேன் தம்பி."

"அண்ணி தவறிப்போயி பத்து நாளாச்சேண்ணே!"

"கருமாதி வரைக்கும் அவளைக் கெடத்தியிருந்த எடத்துல விளக்கு அணையக் கூடாதுல்ல? எண்ணெய் விளக்கு எதுக்குப்பான்னு மவன் சீனத் தவுக்கே கடையில சின்ன பல்பு வாங்கி மாட்டிட்டான். கரண்டு நிக்கிற நாளை மறந்துட்டான்."

"படிச்சவன் பாட்டைக் கெடுத்த கதைதான் போங்க. நீங்க உடனே ஒரு அகலை ஏத்தலையா?"

"நெருப்புப்பெட்டியைக் கையில எடுத்துட்டேன். மவன் தலையில அடிச்சிக்கிட்டு அழுவுறான். ஆனா ஏத்த மனசு வரல."

"ஏண்ணே?"

"வெளிச்சம் இருந்தா அவளுக்குத் தூக்கம் வராதுப்பா. முப்பது வருஷமா 'அணைங்க, அணைங்க'ன்னு கெஞ்சுவா. நான் பேப்பரை விட மாட்டேன். கரண்டு வர்ற வரைக்குமாவது தூங்கட்டும்னு, மவனையும் பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டேன்."