மலைச்சாமியின் ஸ்கேன் படம்

விஜயபாண்டி: …ஏ புள்ள, தேனி ஸ்கேன் சென்டர்ல பத்து வருசமா படம் எடுக்கிறவ, இதைத் தலைகீழாவா பிடிப்ப?

வேல்விழி: உங்க நிழல் விழுகுது, சன்னலை விட்டு நகருங்க. யாரு படம்னு சொன்னீக?

விஜயபாண்டி: நம்ம மலைச்சாமி. மதுரையில எடுத்தானாம். மண்டையோட்டு அடித்தட்டுல என்னமோ கட்டியாம்.

வேல்விழி: பேரு இருக்குற மூலையைக் காணோம்?

விஜயபாண்டி: எலி கடிச்சிருக்கும்.

வேல்விழி: கத்திரி வச்சுக் கடிக்கிற எலி… ரிப்போர்ட்டு?

விஜயபாண்டி: தொலைச்சுட்டான். நீ சொல்லு, நல்லதா கெட்டதா? பாவம், சோறு எறங்காம கெடக்கான்.

வேல்விழி: அப்பிடியா… நேத்து மலைச்சாமியண்ணன் ஓடைப்பட்டிக் கடையில முட்டைப் பரோட்டா தின்னாக, பாத்தேனே.

விஜயபாண்டி: …அது கவலையில தின்னது.

வேல்விழி: சரி, விரலைக் குடுங்க. கட்டியோட ஓரத்தைத் தடவுங்க.

விஜயபாண்டி: வெள்ளையா, கோடு போட்டாப்புல…

வேல்விழி: எங்கயாச்சும் அறுந்திருக்கா?

விஜயபாண்டி: இல்ல. சுத்தி முழுசா வருது.

வேல்விழி: நம்ம பந்தல்ல திராட்சைத் தண்டு தடிச்சா, ஒட்டியிருக்குற மூங்கில் என்ன ஆகும்?

விஜயபாண்டி: மெல்ல வளைஞ்சு வழிவிடும்.

வேல்விழி: கரையான் ஏறுனா?

விஜயபாண்டி: அரிச்சு… ஓரமே தெரியாமப் போயிரும்.

வேல்விழி: எலும்பும் அப்பிடித்தான். மெதுவா வளர்றதுக்கு வழிவிட்டு, சுத்தி வரப்புக் கட்டிக்கிரும். கெட்டது அரிச்சுக்கிட்டே போகும். இங்கன பாருங்க, நரம்பு போற ஓட்டைக. கெட்டது அது வழியா ஊர்ந்து ஓட்டையைப் பெருசாக்கிரும். இதுல?

விஜயபாண்டி: ரெண்டு பக்கமும் ஒரே அளவு… அப்ப நல்லதுதானா?

வேல்விழி: அப்பிடித்தான் தெரியுது. பழைய படத்தோடயும் ஒப்பிடணும். இருங்க, பீரோவைத் தொறந்துட்டு வாறேன்… இந்தாங்க, எட்டு வருசத்துக்கு முந்துனது. அதே எடம், அதே அளவு. வளரவே இல்ல. அன்னைக்குத் தாடையை மட்டும்தான் பாத்தாக.

விஜயபாண்டி: ஏ… மலைச்சாமி படம் நம்ம பீரோவுல எப்பிடி?

வேல்விழி: மாடு முட்டி, தாடையில ரெண்டு ஸ்குரு போட்டது மலைச்சாமியண்ணனுக்கா? ரெண்டு படத்துலயும் மினுங்குதே!

விஜயபாண்டி: மொதல்லயே தெரியுமா…? என் படம்னு தெரிஞ்சா, கெட்டதா இருந்தாலும் நீ மறைச்சிருவன்னுதான பேரை வெட்டுனேன்! இப்பச் சொன்னதெல்லாம் ஆறுதலுக்கா?

வேல்விழி: அப்பிடிக் கேப்பீகன்னுதான் உங்க விரலாலயே தடவிப் பாக்க வச்சேன். நாளைக்கு ரெண்டு படத்தையும் டாக்டர்ட்டக் கொண்டு போறோம். இனி மலைச்சாமியண்ணனுக்குத் தலை வலிச்சா… மொதல்ல என்கிட்டச் சொல்லச் சொல்லுங்க.